உப்புத் தண்ணீருக்கு ஏற்ற பிரேக்

படகு வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அடுத்தது எஞ்சின். அதற்கும் அடுத்தது உட்காரும் இடத்து மெத்தை. அந்தப் படகைச் சுமந்துகொண்டு போகிற டிரெய்லரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. டிரெய்லருக்கும் பிரேக் வேண்டும் என்பதே பாதிப் பேருக்கு என் பட்டறைக்கு வந்த பிறகுதான் தெரியும். இருபத்தாறு வருடமாக என் தொழில் அதை எடுத்துச் சொல்லிப் புரியவைப்பது. மாட்டுவது அதில் சின்னப் பங்குதான்.

நேற்று நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டதும் அதற்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை துறைமுகச் சரிவின் கடைசி வளைவில் ஒரு வண்டியும் அதன் பின்னால் வந்த படகு டிரெய்லரும் சுவரில் மோதின. டிரெய்லர் பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று அதை மாட்டியவனிடம் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நேற்று தெரியாது என்றேன். இன்று நானே வந்து காகிதம் கேட்டேன். நீங்கள் கேட்டு நான் சொன்னால் நடுவில் ஏதாவது விட்டுப் போகும். நானே எழுதினால் போகாது. வேலையில் எதையும் விட்டுவிடுவது எனக்குப் பிடிக்காது.

முதலில் பிரேக்கைச் சொல்லிவிடுகிறேன். டிரெய்லருக்கு மூன்று வகை உண்டு. ஒன்று மின்சாரத்தில் பிடிப்பது. ஓட்டுகிறவர் மிதித்ததும் வயர் வழியாக மின்சாரம் போய், சக்கரத்துக்குள் இருக்கும் காந்தம் பிடித்துக்கொள்ளும். வீட்டுச் சாமான் ஏற்றுகிற டிரெய்லருக்கு அது போதும். படகு டிரெய்லரை வாராவாரம் அச்சு முங்குகிற அளவுக்குக் கடலில் இறக்க வேண்டும்; உப்புத் தண்ணீர் ஒரே வருடத்தில் அந்தக் காந்தத்தைத் தின்று தீர்த்துவிடும். இரண்டாவது, தள்ளு பிரேக். இதில் வயரே கிடையாது. முன்னால் போகும் வண்டி வேகத்தைக் குறைத்தால் பின்னால் வரும் டிரெய்லர் தன் எடையால் முன்னே தள்ளும் இல்லையா, அந்தத் தள்ளல்தான் வண்டியோடு மாட்டுகிற இணைப்புத் தலைக்குள் இருக்கும் தண்டை உள்ளே அழுத்தி, எண்ணெய் வழியாகச் சக்கரத்தைப் பிடிக்கும். மூன்றாவது இரண்டும் கலந்தது. உத்தரவு மின்சாரத்தில், பிடி எண்ணெயில். மின்சாரப் பகுதி உயரத்தில் இருப்பதால் தண்ணீர் படாது. கனமான படகும் செங்குத்தான இறக்கமும் என்றால் அதைவிட நல்லது இன்னும் வரவில்லை.

தள்ளு பிரேக்குக்கு ஒரு கோணங்கித்தனம் உண்டு. வண்டியைப் பின்னோக்கி எடுத்தாலும் அதே தள்ளல்தான் விழும். தண்டு உள்ளே போகும், பிரேக் பிடித்துக்கொள்ளும். சமதரையில் எப்படியோ சமாளிக்கலாம். மேட்டில் பின்னோக்கி ஏற்றவே முடியாது. அதனால் தண்டு அசையாதபடி ஒரு துளையில் ஆணி செருகித் தடுப்போம். பட்டறையில் அதற்கு ரிவர்ஸ் ஆணி என்று பெயர். விரல் நீளம்தான் இருக்கும். ஏற்றி முடித்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் முன்னோக்கிப் போகும்போதும் தண்டு அசையாது, அதாவது டிரெய்லருக்கு பிரேக்கே கிடையாது. சரிவில் கொஞ்ச தூரம் இறங்கிய பிறகுதான் ஓட்டுகிறவருக்கு அது உறைக்கும்.

இப்போது அந்த ஆணியே வேண்டாத ஏற்பாடு வந்துவிட்டது. வண்டியின் ரிவர்ஸ் விளக்கு எரிந்ததும் ஒரு சின்ன வால்வு தானாக எண்ணெயை அடைக்கும், விளக்கு அணைந்ததும் தானாகத் திறக்கும். மனிதன் நினைவில் வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அந்த வால்வு ஒன்று என் பட்டறையில் மூன்றாவது தட்டில், அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. ஆளனுப்பிப் பாருங்கள்.

வண்டியை ஓட்டியவர் என் தங்கையின் கணவர். கடற்கரையில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள். எந்தக் கப்பலுக்கும் அவர் கேப்டனாக இருந்ததில்லை. பல் மருத்துவருக்கு நாற்காலி விற்கிற கம்பெனியில் கிளை மேலாளர். வெள்ளைத் தொப்பி ஒன்று வைத்திருந்தார், தகுதி அவ்வளவுதான். நான் மாப்பிள்ளை என்பேன், அவர் மச்சான் என்பார். நல்ல மனிதர். கிண்டலாக எழுதவில்லை. நாம் வாய் திறப்பதற்குள் உதவிக்கு வந்து நிற்பார். ஆனால் மறதி. மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவார். ஒரு முறை என் தங்கையையே பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தார். குடும்பத்தில் அது பெரிய சிரிப்புச் சங்கதி. தங்கையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் என் பல்லை நானே உடைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

என் மகனும் சிரித்தவன்தான். ஒரே மகன். மாமா மாமா என்று அவர் பின்னாலேயே போவான். மூன்று வருடத்துக்கு முன்னால், அவனுக்குப் பத்தொன்பது வயதில், அவருடைய பழைய படகில் மீன் பிடிக்கப் போனான்.

படகின் பின்பக்கம் அடியில் ஒரு துளை இருக்கும். கரையில் நிற்கும்போது உள்ளே தேங்கிய தண்ணீர் வடிவதற்கு. கடலில் இறக்கும் முன் அதைத் திருகு மூடியால் அடைக்க வேண்டும். அன்று கேப்டன் அடைக்கவில்லை. படகு ஓடிக்கொண்டிருக்கும் வரை அது தெரியாது. கரையிலிருந்து நான்கு கிலோமீட்டரில் எஞ்சினை நிறுத்தினார்கள். பின்பக்கம் கனத்துக்கொண்டே போனது. என்னவென்று பார்க்க என் மகனைப் பின்னால் அனுப்பினார். ஓர் அலை வந்தது, படகு குப்புறக் கவிழ்ந்தது, நங்கூரக் கயிறு அவன் காலைச் சுற்றிக்கொண்டது. கேப்டன் ஐஸ் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்தார். மீன் படகுக்காரர்கள் அவரைத் தூக்கி வந்தார்கள். என் மகனை மறுநாள் மதியம் எடுத்தார்கள்.

மூடி அவர் சட்டைப் பையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஈரச் சட்டையைக் கழற்றும்போது தரையில் விழுந்து, உருண்டு வந்து, என் செருப்பில் முட்டி நின்றது. நான் குனிந்து எடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மறந்துட்டேன், மச்சான்" என்றார்.

அழுதுகொண்டுதான் சொன்னார். எனக்கு அவர் அழுகை மேல் கோபமில்லை. அப்படி ஒரு சொல் இருக்கிறதே, அதன் மேல்தான் வயிறு எரிந்தது. குடித்துவிட்டு ஓட்டினான் என்றால் கேட்க ஆள் இருக்கிறது. வேண்டுமென்றே செய்தான் என்றால் கோர்ட் இருக்கிறது. மறந்துவிட்டான் என்றால் மட்டும் எல்லோரும் உச்சுக் கொட்டிவிட்டு அவரவர் வீட்டைப் பார்த்துப் போய்விடுகிறார்கள். உங்கள் ஆட்களும் அதைத்தான் செய்தார்கள். விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டு, அந்தத் திருகு மூடியை ஒரு கவரில் போட்டு என்னிடமே கொடுத்தார்கள்.

என் மனைவி ஒரு வருடத்தில் அவரை மன்னித்துவிட்டாள். "அவர் வேணும்னா செஞ்சார்? நம்மள விட அவர்தான் தெனமும் செத்துப் பொழைக்கிறார்" என்றாள். அவர் வீட்டுக்கு வந்தால் டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்கக்கூட இல்லை. ஒன்றரைக் கரண்டி என்று நினைவு வைத்திருந்து போட்டாள். நான் எதிரே உட்கார்ந்து அவர் ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன்.

போன வருடம் அவர் புதுப் படகு வாங்கினார், முன்னதைவிடப் பெரியது. அதை ஓட்டை டிரெய்லர் ஒன்றில் ஏற்றி, பட்டறைக்கு மெதுவாக இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"கடல் இல்லாம மூச்சு முட்டுது மச்சான். டாக்டரே போகச் சொல்றார்" என்றார்.

மூச்சு முட்டுகிறதாம். மூச்சு முட்டினால் எப்படி இருக்கும் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவனுக்குத்தான் சரியாகத் தெரியும். அவனிடம் கேட்க வழியில்லை.

பிறகு என்னைக் கைபிடித்துப் படகின் மறுபக்கம் அழைத்துப் போனார். அங்கே நீலப் பெயிண்டில் என் மகனின் செல்லப் பெயரை எழுதியிருந்தார். நாங்கள் வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற பெயர். கடைசி எழுத்து கொஞ்சம் சரிந்திருந்தது. அவரே எழுதியிருக்கிறார்.

"இனிமே அவன் நம்ம கூடவே இருப்பான் மச்சான்" என்றார்.

நான் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தேன். "நல்ல பெயிண்ட், மாப்பிள்ளை" என்றேன். என் குரல் நன்றாகத்தான் வந்தது. இருபத்தாறு வருடமாக வாடிக்கையாளர்களிடம் பேசுகிறவனுக்கு அது பெரிய காரியமில்லை.

"பிரேக் எது போடலாம்னு நீங்களே பாத்துப் போடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க எது சொல்றீங்களோ அதுதான்" என்றார்.

உங்கள் ஆட்கள் அவர் வீட்டைப் பார்த்திருப்பார்கள். குன்றின் மேல் இருக்கிறது. தெருவிலிருந்து முற்றம் மேடு. டிரெய்லரைப் பின்னோக்கித்தான் ஏற்ற வேண்டும். வாசலிலிருந்து நாற்பது அடி சமதரை. அதற்கப்புறம் துறைமுகம் வரை மூன்று கிலோமீட்டர் ஒரே இறக்கம், முடிவில் அந்த வளைவு. வேறு யாராவது இந்த வீட்டு விவரத்தோடு வந்திருந்தால் மூன்றாவது வகையைத்தான் போட்டுக்கொடுத்திருப்பேன், வேண்டாம் என்றாலும் விட்டிருக்க மாட்டேன். அவருக்குத் தள்ளு பிரேக் என்றேன். சொன்ன காரணம் அத்தனையும் உண்மை. உப்புத் தண்ணீருக்கு ஏற்றது, பழுது குறைவு, டிஸ்க் போட்டால் கழுவுவதும் சுலபம். துறைமுகத்தில் நிற்கிற பத்து டிரெய்லரில் ஆறில் அதுதான் இருக்கிறது. உங்கள் நிபுணரைக் கேளுங்கள், என் தேர்வில் குற்றம் சொல்ல மாட்டார்.

ரிவர்ஸுக்கு வால்வா, ஆணியா என்று வந்தபோது அந்த அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்தேன். எடுத்தது உண்மை. ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டுத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

"ஆணிதான் உறுதி, மாப்பிள்ளை. கடல் காத்துக்கு வயரெல்லாம் நிக்காது. எடுக்க மட்டும் மறந்துடாதீங்க."

அவர் முகம் சுண்டிப் போனது. "இனிமே எதையும் மறக்க மாட்டேன் மச்சான்" என்றார்.

இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் எச்சரித்தேன். ஒரு மறதிக்காரருக்கு, மறந்தால் கொல்லக்கூடிய பிரேக்கைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். குழாயை அறுக்கவில்லை. ஒரு திருகைத் தளர்த்தவில்லை. அந்த டிரெய்லர் மாதிரிச் சுத்தமான வேலை நான் செய்ததில்லை. மீதியை அவர் மறதி பார்த்துக்கொள்ளும் என்று இருந்தேன். என் மகனுக்கு அதுதானே பார்த்துக்கொண்டது.

அவர் மறக்கவில்லை.

மாட்டி முடித்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். கிளம்பும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார், பள்ளிக்கூடப் பையன் போல உட்கார்ந்து எழுதிக்கொண்டார். பதினொன்று சொன்னேன். முதலாவது, திருகு மூடி. இரண்டாவது, ரிவர்ஸ் ஆணி கையில் இருக்கிறதா. துளை காலியாக இருக்கிறதா என்று எழுதச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பன்னிரண்டாவது ஒன்று உண்டு. சரிவில் இறங்கும் முன் சமதரையிலேயே ஒரு தடவை பிரேக்கை மிதித்து, டிரெய்லர் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனை வருடத்தில் எல்லா வாடிக்கையாளருக்கும் நான் முதலில் சொல்வதே அதுதான். அவருக்குச் சொல்லவில்லை.

அந்தப் பட்டியலுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். ஆணிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினார். படகை முற்றத்தில் ஏற்றிய கையோடு ஆணியை உருவி, வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிடுவார். மறு வாரம் கிளம்பும்போது பட்டியலைச் சத்தமாகப் படித்து, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்ப்பார். கண்ணாடியிலிருந்து ஆணியைக் கழற்றி உயரத் தூக்கி, வாசலில் நிற்கும் என் தங்கைக்குக் காட்டுவார். "போதும், ஊரைக் கூட்டி எல்லாருக்கும் காட்டுங்க" என்று அவள் சிரிப்பாள். நான் ஏதாவது சாக்குச் சொல்லி அங்கே போய் நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். போகாத ஞாயிறுகளில் கடைசி வளைவுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். எட்டேகால் மணிக்கு அவர் வண்டி இறங்கி வரும். டிரெய்லர் சொன்ன பேச்சைக் கேட்கிற கன்றுக்குட்டி போலப் பின்னால் வரும். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி ஆட்டுவார். நானும் கையை ஆட்டுவேன். இப்படிப் பதினான்கு ஞாயிறு.

அப்போது வந்த மாதிரிக் கோபம் என் ஆயுளில் வந்ததில்லை. மறதி அவருக்குப் பிறவிக் குணம், அவர் என்ன செய்வார் என்று இருந்தவரை என் கோபத்துக்கு ஒரு வரம்பு இருந்தது. இப்போது பார்த்தால் மனிதருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. விரலால் தொட்டுப் பார்க்கத் தெரிகிறது. பட்டியல் போடத் தெரிகிறது. அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கை, ஒரே ஒரு காலையில், ஒரு மூடியைத் திருகக் காட்டியிருந்தால் என் மகன் இன்று இருபத்திரண்டு வயதுப் பிள்ளையாக என் பட்டறையில் நின்றிருப்பான். நினைவு வைத்துக்கொள்வது எப்படி என்று அவர் என் மகனை வைத்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். கற்றுக்கொண்டு, என் மகன் பெயர் எழுதிய படகில், தொப்பியை ஆட்டிக்கொண்டு போகிறார். இதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா? நான் டீக்கு உரிய காசை வைத்துவிட்டு எழுந்து பட்டறைக்கு வந்தேன்.

உங்கள் மேசையில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு சாம்பல் நிற ஆணி இருக்கிறது. நேற்று அதைக் காட்டி, இது என்ன என்று கேட்டீர்கள். ஏதோ உதிரி என்றேன். அதை நான்தான் கடைந்தேன். தலை கிடையாது. துளைக்குள் போனால் வெளியே துருத்தாதபடி அளவெடுத்து அறுத்தேன், இணைப்புத் தலைக்கு அடித்த அதே சாம்பல் பெயிண்டை அதற்கும் அடித்துக் காயவைத்தேன். கிட்டத்தில் குனிந்து பார்த்தாலும் துளை இருந்த இடம் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சக்கர பேரிங்குக்கு கிரீஸ் வைக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் அலுவலகத்திலிருந்து வந்திருக்கவில்லை. தங்கை டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திரையை மாற்ற வேண்டும், என்ன நிறம் போடலாம் என்று கேட்டாள். பச்சை என்றேன். நான்கு சக்கரத்துக்கும் ஒழுங்காக கிரீஸ் வைத்தேன். பிறகு முன்பக்கம் வந்து குனிந்து அந்த ஆணியைக் கட்டை விரலால் அழுத்தி உள்ளே தள்ளினேன். துணியால் துடைத்தேன்.

"நீங்க மட்டும் இல்லன்னா இவருக்கு யார் இருக்கா அண்ணா" என்றாள் தங்கை.

கையைக் கழுவ சோப்பு கேட்டு வாங்கிக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிவாக்கில் தங்கை ஃபோன் செய்தாள். வீட்டுப் பேச்சுத்தான். அதன் பிறகு குளித்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் சொல்லியிருப்பார். எட்டேகாலுக்கு வண்டி மேலே தெரிந்தது. பிரேக் விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. வண்டியின் முன் சக்கரங்களிலிருந்து புகை வந்தது. டிரெய்லர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது. வளைவில் வண்டி குறுக்கே திரும்பியது, டிரெய்லர் அதைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது, படகு பட்டையை அறுத்துக்கொண்டு முன்னே சரிந்து வண்டியின் இடது பக்கக் கூரை மேல் ஏறியது. இடது பக்கம் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். ஆம்புலன்ஸ் வரும் வரை அவள் உயிர் தாங்கவில்லை. கேப்டனுக்குக் கழுத்தெலும்பும் இரண்டு விலாவும் முறிந்தன. இந்த முறையும் அவர் பிழைத்துவிட்டார்.

தங்கையைப் பற்றி ஒன்று எழுதிவைக்க வேண்டும். படகு நாளில் அவள் அந்த வண்டியில் ஏறவே மாட்டாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவரோடு துறைமுகத்துக்குப் போனதில்லை, வாசலோடு சரி. இதையெல்லாம் யோசித்துத்தான் அந்த பிரேக்கைத் தேர்ந்தெடுத்தேன். வண்டியில் அவர் ஒருவர்தான் இருப்பார் என்பது என் கணக்கு. அவள் மேல் ஒரு துரும்பு படவும் நான் நினைத்ததில்லை. தூக்கி வளர்த்தவன் நான்.

நேற்று உங்களிடமிருந்து கிளம்பி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கழுத்தில் பட்டை போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். வலது கையை விரிக்கவே மாட்டேன் என்கிறாராம், நர்ஸ் சொன்னாள். உள்ளே சிவப்பு ரிப்பன் கட்டிய ஆணி இருந்தது.

"ஆணிய எடுக்க மறந்துட்டேன் போல, மச்சான்" என்றார்.

ஆணி கையில் இருக்கிறது. கையில் வைத்துக்கொண்டே சொல்கிறார். வெளியே வராந்தாவில் சொந்தக்காரர்களும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள், மறுபடியும் அவர் மறதிதானா என்று. என் மனைவிகூடத் தலையில் அடித்துக்கொண்டாள். நான் நினைத்தபடி நடந்துவிட்டது என்று நீங்கள் எண்ணலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் உங்கள் ஆட்கள் இதையும் விபத்து என்று எழுதியிருப்பார்கள். ஆனால் அந்தச் சொல்லை அவர் வாயில் இரண்டாம் தடவை கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அது எத்தனை சௌகரியமான சொல் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டு அழுதால் மறுபடியும் யாராவது அவருக்கு ஒன்றரைக் கரண்டி சர்க்கரை போட்டு டீ கொடுப்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அவரை இன்னொரு தடவை விட மாட்டேன். அவர் இந்த முறை மறக்கவில்லை. நான் செய்தேன். என் தங்கையின் சாவுக்கு நான் காரணம், யோசித்து, அளவெடுத்து, பெயிண்ட் அடித்துச் செய்தேன். மறதி என்கிற பேச்சுக்கே இதில் இடமில்லை. அதை எழுதிவைக்கத்தான் வந்தேன்.

கையெழுத்துப் போடப் போகும் நேரத்தில் நீங்கள் உள்ளே வந்து ஃபோன் கம்பெனி கொடுத்த தாளை என் முன்னால் வைத்தீர்கள். ஞாயிறு காலை ஏழு பத்துக்குத் தங்கை என்னிடம் நான்கு நிமிடம் பேசியிருக்கிறாள், என்ன பேசினாள் என்று அவள் சொன்னபடியே எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

"அண்ணா, இன்னைக்கு நானும் அவர் கூடப் போறேன். சிரிக்காதீங்க. மருமகன் பேர் போட்ட படகுல ஒரு தடவையாவது ஏறணும்னு மனசு அடிச்சுக்குது. பயமாத்தான் இருக்கு. எட்டு மணிக்குக் கெளம்பறோம். அண்ணிகிட்ட சொல்லுங்க."

சரிம்மா, பாத்துப் போங்க என்றேன்.

அதற்கு அப்புறம் என் கையில் முக்கால் மணி நேரம் இருந்தது. அவர்கள் வீடு பன்னிரண்டு நிமிட தூரம். ஃபோன் பக்கத்திலேயே இருந்தது, சார்ஜும் இருந்தது. ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நானும் இவ்வளவு நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்துவிட்டேன். வேறு எந்தக் காரணமும் இல்லை சார். சத்தியமாகச் சொல்கிறேன், நம்புங்கள்.

மறந்துட்டேன்.